வாய்க்குள்ளயே பேசுறேன், என்ன பண்றது?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, ஊர் கடலூர் முதுநகர். பாண்டியில ஒரு நகைக்கடன் ஆபீஸ்ல கவுன்டர் வேலை. நான் எது சொன்னாலும் கஸ்டமர் "என்னம்மா சொன்ன?"ன்னு திரும்பக் கேக்குறாங்க. மேனேஜர் சத்தமா பேசுங்கறார், சத்தமா பேசுனா கோவமா பேசுறேங்கறாங்க. ழ வேற சரியா வராது. பேச்சுப் பயிற்சி கிளாஸ் போகலாமா?

பதில்: ழவை அப்புறம் பாத்துக்கலாம்மா. நாக்கு நுனியை மேல மடக்கணும், ஆனா எங்கயும் தொடக்கூடாது, தொட்டா ள ஆயிடும், அவ்ளோதான் சூட்சுமம். பளம்னு சொன்னாலும் யாரும் பழத்தை வாங்காம போறதில்ல.

உனக்கு வாக்கியத்தோட வால் தேயுதுன்னு நினைக்கிறேன். நம்ம பேச்சுல முக்கியமான சேதி எல்லாம் கடைசியிலதான் உக்காந்திருக்கு. "இந்த மாசம் வட்டி கட்டலன்னா நகை ஏலத்துக்குப்"னு நல்லா கேக்குது, அதுக்கப்புறம் போகுமா போகாதாங்கறது உன் தொண்டைக்குள்ளயே போயிடுது, அப்ப அந்த மனுஷன் திரும்பக் கேக்காம என்ன பண்ணுவார் சொல்லு? பதட்டத்துல ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டுனா கடைசிக்கு மூச்சு மிச்சம் இருக்காது. ரெண்டா உடைச்சுக்கோ. "வட்டி இந்த மாசம் கட்டிடுங்க." மூச்சு. "கட்டலன்னா ஏலத்துக்குப் போயிடும்." இதுக்குக் கத்தவே வேணாம்.

உங்க ஊர் துறைமுகத்துல காலையில மீன் ஏலம் நடக்குமே, ஒருநாள் நின்னு கேளு. ஏலம் விடறவர் என்ன வேகம்! ஆனா ரூபாயை மட்டும் அழுத்திச் சொல்லி ஒரு நொடி நிறுத்துவார், அதனால அந்தச் சந்தடியிலயும் யாருக்கும் தொகை தப்பாக் காதுல விழாது. நீயும் தொகை, தேதி ரெண்டுக்கும் அப்படி நிறுத்து, மத்ததெல்லாம் வேகமாப் போனாலும் பரவால்ல.

தினம் சொல்ற நாலு வாக்கியத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளு. (கேக்கவே கூச்சமா இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்.) அம்மா அடுப்படியில இருக்கும்போது கூடத்துலேந்து அதையே சொல்லு, அவங்க திருப்பிச் சொல்லட்டும், எந்த இடம் விழலன்னு அங்கயே தெரிஞ்சிடும். கூழாங்கல்லை வாயில போட்டுப் பேசுன்னு எவனாவது அந்தக் காலத்து கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கதை சொன்னா தயவுசெஞ்சு கேக்காத, தொண்டையில மாட்டிக்கும். குரல் மூணு வாரத்துக்கு மேல கரகரன்னே இருந்தா மட்டும் இஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடு.

கிளாஸ் ஒரு மாசம் கழிச்சு யோசி. பணம் கட்டறதுக்கு முன்னாடி டெமோவுல உக்காரு, அங்க சாரே முழுக்கப் பேசிட்டு இருந்தா எழுந்து வந்துடு.