கார் 500 டாலர், மற்றதெல்லாம்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், நண்பர்களோடு சேர்ந்து பழைய கார் ஒன்றை எண்டூரன்ஸ் பந்தயத்தில் (ஓட்டுநர்கள் மாறி மாறிப் பல மணி நேரம் ஓட்டுவது) இறக்கப் போகிறான். என்னையும் பங்கு போடச் சொல்கிறான். மலிவு கார்களுக்கென்று அங்கே நடக்கும் லெமன்ஸ், சாம்ப்கார் என்ற இரண்டு பந்தயத் தொடர்களில் எது மலிவு? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: 2006-இல் தொடங்கிய லெமன்ஸில் கார் 500 டாலருக்குள் இருக்க வேண்டும். மீறினால் 10 டாலருக்கு ஒரு சுற்று வீதம் கழிப்பார்கள். விலையை மதிப்பிடுவது நடுவர்கள். உங்கள் பில்லை அவர்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. சாம்ப்காரில் டாலருக்குப் பதில் புள்ளி. எந்த மாடலுக்கு எத்தனை என்று அட்டவணையே இருக்கிறது. கூடுதலாக மாட்டும் பாகங்களையும் சேர்த்து 500-ஐத் தாண்டினால் அங்கேயும் சுற்று போகும். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர் லெமன்ஸ் போகலாம், கணக்குப் பிடித்தவருக்குச் சாம்ப்கார். வேறு இரண்டு தொடர்களும் உண்டு: வேர்ல்ட் ரேசிங் லீக் கார்களை எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரிக்கிறது, அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரேசிங் சுற்று நேரத்தை வைத்து. அவை இரண்டும் பர்ஸ் கனமானவர்களுக்கு.

லெமன்ஸின் அந்த 500-இல் ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), சீட், பெல்ட், தீயணைப்புக் கருவி எதுவும் சேராது. பிரேக்கும் டயரும்கூடச் சேராது. செலவே அங்கேதான். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், லாட்ஜ் எல்லாம் தனி. பாதியில் எஞ்சின் போனால் யார் பணம், கார் மோதினால் யார் பணம் என்று மச்சானிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். அக்கா கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

கேள்வி: என் சொந்த காரை டிராக்கில் ஓட்டி இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியிலேயே விலக்கப்பட்டவை.

கேள்வி: ஒரு கடையில் பந்தய காருக்கான ஆறு முனை சீட் பெல்ட் வாங்கினேன், பில் இருக்கிறது. "புதுசு" என்றார்கள். பந்தயப் பரிசோதனையில் லேபிள் வெட்டப்பட்டிருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். கடைக்காரர் இப்போது போனே எடுப்பதில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரை பெற்ற பெல்ட்டில் எந்த ஆண்டு வரை செல்லும் என்று லேபிளிலேயே தைத்திருக்கும். எஸ்.எஃப்.ஐ. என்ற அமெரிக்கத் தரச் சான்று பெற்ற பெல்ட்டுக்குப் பொதுவாக 2 ஆண்டுதான். வெயிலிலும் வியர்வையிலும் நாடா வலுவிழக்கும், பார்த்தால் தெரியாது. வெளிநாட்டில் காலாவதியாகிக் கழித்துப் போட்டதை இங்கே லேபிளை வெட்டிவிட்டு விற்கிறார்கள். பழைய சட்டையை விற்றால் போகிறது என்று விடலாம். இது மோதும்போது ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொருள். என்னிடமும் ஒரு பக்கெட் சீட் இருக்கிறது. "இத்தாலி சரக்கு" என்றார் விற்றவர். இப்போது மொட்டைமாடியில் பேப்பர் படிக்கப் பயன்படுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

கேள்வி: ரோல் கேஜ் அடித்த பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றுக்கு போட்டோ பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நேரில் போனால் கேஜ் தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்! பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: போட்டோவில் பைப்பின் கனம் தெரியுமா சார்? எஃப்.ஐ.ஏ. கணக்குப்படி சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவு சீம்லெஸ் (இணைப்புத் தையல் இல்லாத) குழாயாக, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமுமாக இருக்க வேண்டும். அல்லது 50-க்கு 2. தண்ணீர் பைப்பை வளைத்து பெயிண்ட் அடித்தால் கேஜ் ஆகாது. அட்வான்ஸுக்கு ரசீது இருந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த ஆளிடம் தன்மையாகப் பேசிப் பாருங்கள். வேறு வழி தெரியவில்லை.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதாதா?

பதில்: போதாது. கார் பந்தயத்துக்கு ஸ்னெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பின் எஸ்.ஏ. ரகம் வேண்டும், அதில் தீ தாங்கும் சோதனையும் உண்டு. பைக்குக்கான எம் ரகத்தில் அது கிடையாது.

கேள்வி: சென்னையிலேயே 500 டாலர் மாதிரி ஏதாவது?

பதில்: அந்த விலையை இங்கே தேட வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் போட்டியிட, இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் லைசென்ஸ் வேண்டும். முதலில் அதை எடுங்கள், கார் அப்புறம்.