பரிசு அறிவித்ததும் படங்கள் வருவது நின்றுவிட்டால்

பள்ளிப் புகைப்படக் கண்காட்சியில் பரிசே வேண்டாம், கண்காட்சி மட்டும் இருக்கட்டும். முதல் மூன்று பரிசு என்று சொன்னதிலிருந்து எட்டாம் வகுப்பில் நல்ல கேமரா வைத்திருக்கும் நாலைந்து பேர்தான் படம் தருகிறார்கள் என்கிறீர்கள். அப்பாவின் போனில் எடுத்த படத்தை அதோடு வைத்தால் எடுபடாது என்று மற்ற பிள்ளைகள் தாங்களாகவே முடிவு கட்டியிருப்பார்கள். படம் தராத ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, எடுத்ததில் பிடித்ததைக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

1982-ல் வெளியான ஆய்வில் தெரசா அமபில் என்ற உளவியலாளர் 7 முதல் 11 வயதுச் சிறுமிகளைக் காகிதம் ஒட்டிப் படம் செய்ய வைத்தார். பரிசுக்குப் போட்டியிட்டவர்களைவிட, பரிசு குலுக்கலில்தான் என்று தெரிந்தவர்களின் படங்களில் கற்பனை கூடுதலாக இருந்தது.

அதனால் ஆளுக்கு ஒரு படம், எல்லாமே போனில் எடுத்தது, ஒரே அளவு பிரின்ட். கீழே பெயரும், இதை ஏன் எடுத்தேன் என்று அவரவர் கையெழுத்தில் ரெண்டு வரியும். அந்த ரெண்டு வரியை விட்டுவிடாதீர்கள், பார்க்க வருபவர்கள் நின்று படிப்பது அதைத்தான்! அப்புறம், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி ஏ4-ல் மங்கலாக விழும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண் உயரத்தில் மாட்டுங்கள்.

போட்டி வைத்தால்தான் உழைக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகப் பிறகு தனியாக, பெயரை மறைத்து ஒன்று வைக்கலாம். முகம் தெரியும் படங்களுக்கு மட்டும் முதலில் பெற்றோரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.