மலையில் இருந்துகொண்டே தகவல் தொடர்பு வேலைக்குப் போக என்னென்ன டிஜிட்டல் திறன்கள் கற்க வேண்டும்?

கூடலூர் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.ஏ. முடித்தாகிவிட்டது, கேன்வா, ரீல்ஸ் எடிட்டிங், எஸ்இஓ (இணையத் தேடலில் நம் பக்கத்தை மேலே கொண்டுவருவது) மூன்றும் சேர்ந்த ஆறு மாதக் கோர்ஸ் ஒன்று கோவையில் இருக்கிறது, அது போதுமா என்று கேட்கிறீர்கள். கோர்ஸ் பணத்தை வீட்டில் கடன் வாங்கித்தான் கட்டப்போகிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். 2018இல் இதே கேள்வியோடு நான் மலையிறங்கினேன், அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தோடு. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய விளம்பர நிறுவனத்தில் இருந்தவள் இல்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பில் 2019லிருந்து தகவல் தொடர்பு வேலை பார்க்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் ஏஜென்சியில் இருப்பவர்கள், "இதெல்லாம் ஒரு கம்யூனிகேஷன் வேலையா?" என்று கேட்கலாம். சுமார் 640 குடும்பங்கள் நாளைக்கு இலை பறிக்கலாமா வேண்டாமா என்பதை நான் அனுப்பும் செய்தியைப் பார்த்து முடிவு செய்கின்றன. அந்தப் பொறுப்பு சின்னது என்று நான் நினைக்கவில்லை.

நேர்காணலில் நடந்ததைச் சொல்கிறேன். கோர்ஸ் சான்றிதழோடு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த நான்கு சான்றிதழ்களையும் ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். செயலாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கையால் எழுதிய அரைப்பக்கக் கூட்ட அறிவிப்பை நீட்டி, "இதைத் தமிழ்ல அடிச்சுக் குடும்மா" என்றார். போனில் ஆங்கில எழுத்தை அடித்து அது தமிழாக மாறுவதுதான் எனக்குப் பழக்கம். அங்கிருந்த கணினியில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி முக்கால் மணி நேரம் ஆயிற்று. அப்படியும் ஆறு பிழை. "நம்ம நோட்டீஸ் பூரா தமிழ்லதான் போகும்மா. ஒரு மாசம் டைம் தர்றேன், கத்துக்கிட்டு வா" என்றார். எஸ்இஓ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒரு மாதத்தில் தமிழ்99 விசைப்பலகை கற்றேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'க'வை இரண்டு முறை அடித்தால் 'க்க' ஆகிவிடும், 'ந'வுக்குப் பின் 'த' அடித்தால் புள்ளி தானாக விழும். பத்து நாளில் விரல் பழகிவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை. உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிற பத்துப் பேரில் இரண்டு பேருக்குக்கூடத் தமிழ்த் தட்டச்சு ஒழுங்காக வருவதில்லை. நான் பார்த்தவரைக்குமான கணக்கு இது, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

தட்டச்சோடு எழுத்துருவும் வருகிறது. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாறச் சொல்லி அரசு 2010இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அச்சகத்திலும் பழைய அலுவலகக் கணினிகளிலும் இன்னும் வானவில், பாமினி கோப்புகள்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, மாறியதை வரிக்கு வரி படித்துத் திருத்தத் தெரிய வேண்டும். போட்டோஷாப்பில் தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். அதன் செட்டிங்ஸில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை மாற்றினால் சரியாகிவிடும். என் கோர்ஸில் ஆறு மாதமும் போட்டோஷாப் இருந்தது, இந்த ஒரு விஷயம் மட்டும் இல்லை. 'கோத்தகிரி' என்பதை உடைந்த கொம்போடு ஃபிளெக்ஸில் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு வலிக்கும்.

இனி, நான் செய்த தவறு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் நவம்பர். இரண்டு நாளாக மழை விடவில்லை. சாயங்காலம் தொழிற்சாலையில் மின்சாரம் போய், மறுநாள் இலை எடுக்க முடியாது என்று முடிவானது. எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என் வேலை. நான் உட்கார்ந்து போஸ்டர் செய்தேன். மழை மேகம், தேயிலைச் சரிவின் படம், அமைப்பின் சின்னம், கீழே சிறிய எழுத்தில் செய்தி. எட்டரை மணிக்கு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். பார்க்க அழகாக இருந்ததால் திருப்தியோடு தூங்கினேன்.

மறுநாள் காலையில் சோலூர்மட்டம் பக்கமிருந்து போன். இலை எடை போடும் ஷெட்டில் மூட்டை மூட்டையாக இலை இறங்கிவிட்டது. மின்சாரம் இல்லாததால் அந்தப் பள்ளத்தில் டவரும் படுத்துவிட்டது. படம் சிலருக்கு மங்கலாக நின்றுபோனது, பலருக்கு வரவேயில்லை. பாதிப் பேரிடம் பட்டன் போன், அவர்கள் அந்தக் குழுவிலேயே கிடையாது. பறித்த கொழுந்தை மூட்டையில் இறுக்கி வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாட்டி தன் மூட்டையைப் பிரித்து, ஷெட் தரையில் இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார். 60 கிலோ. இரண்டு ஆளுக்குக் கூலி கொடுத்துப் பறித்தது. "ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா போதுமே கண்ணு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு காலம் நினைவிருந்திருக்காது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான், தோட்டத்துக் கூலிக்கு. முதுகில் 20 கிலோ ஏறினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த வீட்டில் பிறந்துவிட்டு நான் மேகப்படம் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் எஸ்எம்எஸ் பக்கம் போனேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த 70உம் நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து இல்லை. 'கீ' என்பது க ஒன்று, அதன் மேல் சுழி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனிக்கணக்கு. 'கீழ் கோத்தகிரி' நமக்கு ஏழு எழுத்து, இடைவெளியோடு சேர்த்து போன் எண்ணுவது 14. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ், இரண்டு மடங்கு காசு. நான் இப்போது அனுப்புவது இதுதான்:

"நாளை இலை வண்டி வராது. கொழுந்து பறிக்க வேண்டாம்."

நம் கணக்கில் 22 எழுத்து, போன் கணக்கில் 47. முன்னால் ஊர்ப்பெயர் போட இடம் இருக்கிறது. முதலில் 'இலை எடுப்பு ரத்து செய்யப்படுகிறது' என்றுதான் எழுதியிருந்தேன். செயலாளர் சார் படித்துவிட்டு, "பறிக்கணுமா வேண்டாமான்னு சொல்லும்மா, அவங்களுக்கு வேண்டியது அதுதான்" என்றார். நான் பணம் கட்டிப் படித்த காப்பிரைட்டிங் பாடம் முழுவதையும்விட அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அதிகம் கிடைத்தது.

2021லிருந்து இன்னொரு சிக்கல். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால் டிஎல்டி பதிவு (மொத்தச் செய்தி அனுப்புகிறவர்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் செய்ய வேண்டிய பதிவு) வேண்டும், அனுப்பும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. மழை கொட்டும் ராத்திரியில் புது வாசகத்துக்கு ஒப்புதல் வாங்க முடியாது. அதனால் வெயில் காலத்திலேயே உட்கார்ந்து யோசித்து, வண்டி வராது, வண்டி தாமதம், சாலை அடைப்பு, கூட்டம் என்று நான்கு வாசகங்கள் பதிந்து வைத்திருக்கிறேன். ஊரும் தேதியும் மட்டும் மாற்றிக்கொள்ள இடம் விட்டுப் பதிந்தவை அவை. இதைத் தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள், இந்தத் திறனுக்கு என்ன மதிப்பு என்று புரியும்.

எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது படுகு. தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் வயதானவர்களுக்குக் காதில் விழுவதுதான் வசதி. அதனால் ஸ்மார்ட்போன் உள்ளவர்களுக்குச் செயலாளர் குரலிலேயே படுகில் அரை நிமிடக் குரல்செய்தி. 100 கேபிகூட வராது, தேய்ந்த சிக்னலிலும் போய்விடும். பின்னணியில் காற்றுச் சத்தம் வராமல் பதிவு செய்யவும், தேவையில்லாததை வெட்டவும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் கற்றேன். அதுவும் இலவசம்.

படங்களைச் சரிபார்ப்பது அடுத்தது. 2009 நவம்பர் மலைச்சரிவில் நம் மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில். அதன் பிறகு மண் சரிந்தது என்ற சொல்லே இங்கே வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு மழைக்கும் மேட்டுப்பாளையம் சாலையில் இப்போது சரிந்தது என்று ஏதோ ஒரு வருஷத்துப் படம் சுற்றும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி, இடம் பற்றிய விவரம் அழிந்துபோயிருக்கும், கிடைக்காது. கூகுள் லென்ஸில் போட்டுப் பழைய செய்தியில் வந்ததா என்று பார்ப்பேன். படத்தில் கடைப் பெயர்ப்பலகை, கிலோமீட்டர் கல், தடுப்புச்சுவர் எதுவாவது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். கடைசியில் குஞ்சப்பனையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்குப் போன் போடுவேன். அவர் வெளியே வந்து சாலையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்தி போகும். இந்த மாதிரி ஆட்களின் எண்கள் என்னிடம் 30 இருக்கின்றன. அவற்றையும் 640 குடும்பங்களின் விவரத்தையும் எக்செல்லில் ஊர்வாரியாக, இரட்டைப் பதிவு இல்லாமல், போன் வகையோடு வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியலை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது மற்றவர்கள் நம்பிக் கொடுத்த எண்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் செய்துவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆங்கில அறிக்கைக்கு முதல் வரைவு போட நானும் பயன்படுத்துகிறேன். தமிழில் கேட்டால் 'பச்சை தேயிலை இலைகள் சேகரிக்கப்படாது' என்று கொடுக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

இடையில் ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். "மலையில் உட்கார்ந்து வேலை, கொடுத்து வைத்தவள்" என்று யாராவது எழுதினால் எனக்குத் தாங்காது. நாங்கள் ஒன்பது வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கப்போவதாகச் சொல்லி இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அதே வாடகையில் ஊருக்குள் வேறு வீடு கிடைக்கவில்லை. இப்போது இருக்கும் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு இரண்டு கிலோமீட்டர், ஆறு மணிக்கு மேல் காட்டெருமை பயம். மழை பெய்கிற நாளில் நான் அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறேன். இங்கே பிறந்தவர்களுக்கு இங்கே இருக்க இடமில்லை என்பதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதில் எழுதுகிறேன்.

கோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். சேராதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கேன்வா வேண்டும், வீடியோ வெட்டத் தெரிய வேண்டும், தேடலில் நம் பக்கம் எப்படி மேலே வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தேயிலைத்தூளை நேரடியாக விற்க ஆரம்பித்தபோது எஸ்இஓவும் எனக்கு உதவியது. ஆனால் கடன் வாங்கிக் கட்டும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யூடியூபில் இருந்த வீடியோக்களையே வகுப்பில் போட்டுக் காட்டினார். வேலை வாங்கித் தருவோம் என்றார்கள், கடைசியில் கோவையிலேயே போனில் வீட்டுமனை விற்கும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் வளையலை மீட்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

சேர்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பக்கத்தில் ராத்திரி யானை இறங்கினால் மக்களுக்கு என்ன சொல்வீர்கள்? போன் கணக்கில் 70க்குள் எழுதுங்கள். கூடலூரில் தமிழோடு மலையாளமும் கன்னடமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பணியர் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் புரிய வேண்டும். எழுதியதைப் பட்டன் போன் வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேளுங்கள். பிறகு அந்த வாசகத்தைக் கீழே போடுங்கள், நான் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.