தாமிரபரணியா, தாமிரவருணியா? ரசிகர் விக்கியில் சண்டையைத் தீர்ப்பது எப்படி?

திருநெல்வேலிச் சீமை பற்றிய உங்கள் விக்கியில் இருவர் ஆற்றின் பெயரை மாறி மாறித் திருத்துவதாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் திருத்துவதை நிறுத்திவிட்டுப் கட்டுரை பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்கு வரச் சொல்லுங்கள். இரண்டுமே வழக்கில் உள்ளவை. பொருநை பழைய பெயர். எது சரி என்று மோத வேண்டாம், தலைப்புக்கு எது என்று மட்டும் முடிவெடுங்கள். இன்று அதிகம் புழங்கும் தாமிரபரணியை வைத்து, மற்ற பெயர்களைத் தேடுபவரும் அதே பக்கத்துக்கு வரும்படி வழிமாற்று போடுங்கள். முதல் வரியில் மூன்றையும் சொல்லுங்கள். மேற்கோளுக்குள் மட்டும் கைவைக்கவே கூடாது.

சான்றுதான் பெரிய சிக்கல். 1881-இல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு நிகழ்வுக்குச் சான்றாகும். ஆங்கில நூல் என்பதால் தமிழ் எழுத்தைத் தீர்மானிக்காது. இணையச் செய்தியைக் காட்டினால், அதன் தேதியை, எப்போது என்ன திருத்தப்பட்டது என்று காட்டும் பக்க வரலாற்றோடு ஒப்பிடுங்கள். உங்கள் வரிக்குப் பின் அதே சொற்களில் வந்திருந்தால் அது உங்களிடமிருந்தே போனதாக இருக்கலாம்; ஏற்காதீர்கள். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டில் கேட்டது என்றால், ஊரும் ஆண்டும் சேர்த்து 'ஊர் வழக்கு' என்று குறியுங்கள்.

சில சண்டைகள் தட்டச்சால் வருபவை. 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தேடலில் சிக்காமல் இரண்டு பக்கம் முளைக்கும். 'ரி'யை நீக்கிவிட்டு ஒருமுறை பின்னழியுங்கள் (Backspace): 'கெ' மிஞ்சினால் அடித்தது தவறு.