பழைய ஊரின் நடுவில் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நானும் மனைவியும் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்துப் பக்கம் வேலை பார்க்கிறோம், வெல்ட்ஹோவனில் வாடகை வீடு. போன மாதம் ஓர்ஸ்கொட் ஊருக்குள், சந்தைத் திடலுக்குப் பின்தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டு முகப்பு, உள்ளே ஓக் உத்திரங்கள், பின்னால் சின்னத் தோட்டம். ரைக்ஸ்மொனுமென்ட், அதாவது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் வீடு. இருவருக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள். "ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும், குளிர் தாங்காது, புது வீடாகப் பார்" என்கிறார்கள். போட்டி அதிகம், நிபந்தனை எதுவும் போடாமல் விலை எழுதினால்தான் கிடைக்கும் என்று எங்கள் மாக்கெலார், அதாவது வீட்டுத் தரகர், சொல்கிறார். அடுத்த வாரம் இரண்டாம் முறை பார்க்கப் போகிறோம். நீங்கள் இப்படியொரு வீட்டில் வசிப்பதாக எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா? அந்த மாதிரி ஊரில் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா?

பிரபு, வெல்ட்ஹோவன்

அன்புள்ள பிரபு,

வாங்கலாம். ஆனால் கட்டிடப் பரிசோதனை செய்யாமல் விலை எழுதாதீர்கள். மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

முதலில் ஆணி விஷயம். ஆணி தாராளமாக அடிக்கலாம். உடைந்த கூரை ஓடுகளை அதே மாதிரி ஓடு வைத்து மாற்றலாம், ஜன்னல் சட்டத்துக்கு அதே நிறத்தில் வண்ணம் அடிக்கலாம். இருப்பதை இருப்பது போலவே பராமரிக்கும் வேலைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவரை எடுப்பது, மாடிப்படியை மாற்றுவது, பழைய ஜன்னலைக் கழற்றிப் புதியது வைப்பது, சுவருக்குள் பெட்டி போல அமைந்த பழைய படுக்கை மாடத்தைப் பிரிப்பது, இவற்றுக்குத்தான் கெமேந்தேவிடம், அதாவது உள்ளூர் நகராட்சியிடம், அனுமதி வாங்க வேண்டும். 2024 ஜனவரி முதல் இதெல்லாம் புதிய சுற்றுச்சூழல், திட்டமிடல் சட்டத்துக்குள் வந்துவிட்டது, விண்ணப்பம் இணையத்தில்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். அரசுப் பட்டியலில் இருக்கும் வீட்டில் பாதுகாப்பு முகப்போடு நிற்பதில்லை, உள்ளும் புறமும் முழு வீட்டுக்கும் உண்டு. தேசிய பாரம்பரியத் துறையின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, முகவரி கொடுத்தால் உங்கள் வீடு வரும். பல பழைய பதிவுகள் ஓரிரண்டு வரிதான். 'செங்கல் முகப்பு, இன்ன நூற்றாண்டு' என்று மட்டும் இருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே எதையும் செய்யலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு வீட்டை வாங்கினார். அவருக்கு முன் இருந்தவர் அனுமதி இல்லாமல் நடுச்சுவரை எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்கியிருந்தார். வாங்கிய பிறகு கெமேந்தேவிலிருந்து கடிதம் வந்தது, நண்பர் பெயருக்கு. செய்தவர் யாராக இருந்தாலும் அனுமதியில்லாத மாற்றத்தை அப்படியே வைத்திருப்பதற்கு இன்றைய உரிமையாளர்தான் பொறுப்பு. அதனால் அந்த வீட்டின் கட்டிடக் கோப்பைக் கெமேந்தேவில் கேட்டு வாங்குங்கள். பழைய அனுமதிகளும் வரைபடங்களும் அதில் இருக்கும். இரண்டாம் முறை போகும்போது வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் ஆபீஸ் நண்பர்கள் பேசுவதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஐந்தோவன் நகர மையத்தில் பழைய வீடு எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? 1942 டிசம்பரில் பிலிப்ஸ் ஆலைகளைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டபோது ஊரும் சேர்ந்து எரிந்தது. 1944 செப்டம்பரில் ஊர் விடுதலையான மறுநாள் ஜெர்மன் விமானங்கள் வந்து போட்டன. மிச்சம் இருந்ததில் பலவற்றைப் போருக்குப் பிறகு சாலைக்காகவும் கடைகளுக்காகவும் நகரமே இடித்துவிட்டது. அப்போது நாடு முழுவதும் நடந்தது அதுதான். 1961இல் நினைவுச்சின்னச் சட்டம் வந்ததால்தான் ஓர்ஸ்கொட் போன்ற ஊர்களின் நடுப்பகுதி இன்றும் நிற்கிறது. அந்தப் பெரிய செங்கல் தேவாலயம், திடலின் மரங்கள், சுற்றியுள்ள தாழ்வான வீடுகள் எல்லாம் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட கிராமத் தோற்றம் என்ற தனிப் பட்டியலிலும் இருக்கின்றன. தெருவின் வளைவு, கூரைகளின் சாய்வு, வீடுகள் நிற்கும் வரிசை என்று மொத்தக் காட்சிக்கும் அதில் பாதுகாப்பு. உங்களுக்குப் பார்த்ததும் பிடித்துப்போன அந்தத் தெரு, உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களிடம் யாரோ 'கூடாது' என்று சொன்னதால் கிடைத்தது. அந்த 'கூடாது' நாளை உங்களிடமும் சொல்லப்படும். அதை மனதார ஏற்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

2016இல் வந்த பாரம்பரியச் சட்டத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வீட்டைக் கெடுப்பது மட்டும் குற்றமில்லை, பராமரிக்காமல் கெடவிடுவதும் குற்றம்.

சரி, நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது ஓதம். 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் காரையில் கட்டியது. தண்ணீரைக் குடிக்கும், வெயிலும் காற்றும் பட்டதும் வெளியே விடும். இருநூறு வருடம் அப்படித்தான் நின்றிருக்கும். அப்புறம் யாரோ ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, செங்கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைத்திருப்பார், உள்ளே சிமெண்ட் பூச்சும் பூசியிருப்பார். சிமெண்ட் செங்கல்லை விடக் கடினம். தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கும், பனிக்காலத்தில் உறையும், செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் நுனி அந்த ஈரத்தில் ஊறி உளுத்துப்போகும். கூடத்தின் நடுவில் நின்று பார்த்தால் உத்திரம் அழகாகத்தான் தெரியும். கெட்டிருப்பது சுவருக்குள் மறைந்திருக்கும் நுனி.

ஆகவே அடுத்த வாரம் போகும்போது புதிதாக வெள்ளையடித்த சுவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப்பூச்சோ மரப்பலகையோ இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பூச்சில் உப்புப் பூத்திருக்கிறதா? பெரிய அலமாரிக்குப் பின்னால் வாசனை எப்படி? கூரைக்கடியில் ஏறி, உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். வண்டு துளைத்த ஓட்டைகளுக்குக் கீழே புது மரத்தூள் கிடந்தால் வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். 1960க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இன்னும் இருக்கலாம். குடிதண்ணீர் அதில் வந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து, அதையும் கேளுங்கள்.

இதெல்லாம் நீங்களாகப் பார்ப்பது. பரிசோதனையை ஒரு நிபுணர்தான் செய்ய வேண்டும், அதுவும் பழைய கட்டிடம் தெரிந்தவர். புது வீடுகளையே பார்த்துப் பழகியவர் ஈரமானியை வைத்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார். மொனுமென்டன்வாக்ட் என்று ஓர் அமைப்பு 1973 முதல் இருக்கிறது, மாகாணத்துக்கு மாகாணம் தனிப் பிரிவு. அவர்களுடைய ஆட்கள் ஏணியும் கயிறுமாக வந்து கூரை முதல் அடித்தளம் வரை பார்த்து அறிக்கை தருவார்கள். இப்போதைய உரிமையாளர் அங்கே சந்தாதாரராக இருந்தால் பழைய அறிக்கைகள் அவரிடம் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

இனி உங்கள் மாக்கெலார் சொன்ன யோசனை. போட்டி அதிகம் என்பது உண்மை. நிபந்தனை போட்டால் விற்பவர் வேறு ஆளைப் பார்ப்பார் என்பதும் உண்மையாக இருக்கலாம். அதற்கு வழி, விலை எழுதுவதற்கு முன்பே பரிசோதனையை முடித்துவிடுவது. விற்பவர் அனுமதித்தால் போதும், பலர் அனுமதிக்கிறார்கள். வீடு கிடைக்காமல் போனால் சில நூறு யூரோ போகும். போகட்டும். எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'வீடு பழையது, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது' என்று ஒரு ஷரத்து இருக்கும். அதில் கையெழுத்து போட்டபின் உளுத்த உத்திரத்தைக் காட்டி விற்றவரைக் கேட்பது மிகவும் கஷ்டம். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் சட்டப்படி அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமல் விலகலாம். அது தாண்டி, நிபந்தனையும் இல்லாமல் பின்வாங்கினால் வழக்கமாக விலையில் 10 சதவீதம் அபராதம்.

ஒப்பந்தம் படிக்கும்போது பாத்தியங்களையும் பாருங்கள். பழைய ஊர்களில் வீடுகளுக்கு நடுவே சந்து போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் தோட்டம் வழியாக நடைபாத்தியம் இருக்கலாம், உங்களுக்கு அவர் முற்றம் வழியாக இருக்கலாம். பத்திரம் முடிக்கும் நோட்டாரிஸிடம் பழைய பத்திரங்களைக் கேட்டு, புரியும்வரை விளக்கச் சொல்லுங்கள்.

அடித்தளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செய்தியில் படித்திருப்பீர்கள். 2024இல் அரசின் ஆலோசனைக் குழு ஒன்று, 2035க்குள் சுமார் 4,25,000 கட்டிடங்களில் அடித்தளச் சேதம் வரக்கூடும் என்று சொன்னது. மேற்கே சதுப்பு மண்ணில் மரத்தூண் மேல் நிற்கும் வீடுகளில் நிலத்தடி நீர் இறங்கும்போது தூண் காற்றுப்பட்டு மக்கிவிடுகிறது. உங்கள் பகுதி மணல் நிலம், அந்த அளவு பயம் வேண்டாம். சுவரில் படிக்கட்டு போல் ஓடும் விரிசல் இருந்தால் மட்டும் நிபுணரிடம் காட்டுங்கள். ஒன்று மட்டும், நிலவறை தோண்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஊரின் நடுவில் மண்ணைத் தோண்ட, குறிப்பிட்ட ஆழத்துக்கும் பரப்புக்கும் மேல் போனால், தொல்லியல் ஆய்வு கேட்பார்கள், செலவு உங்களுடையது.

குளிர் தாங்கக்கூடியதுதான். கூரையிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு தரை. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை அப்படியே விட்டு உள்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் பொருத்தினால் பெரிய வித்தியாசம் தெரியும். கழற்றக்கூடிய அமைப்பாக இருந்தால் கெமேந்தேவும் பொதுவாக இணக்கமாகவே பேசும். சுவருக்கு உள்பக்கம் காப்பு வைப்பதில் மட்டும் அவசரம் கூடாது, மேலே சொன்ன ஓதம் அங்கேயும் வரும். கூரை வேலைக்கு முன் வௌவாலும் சிட்டுக்குருவியும் குடியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வார்கள், அவையும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

நம் வீட்டுக்கென்று இரண்டு கேள்வி. தாளிக்கும் புகை எந்த வழியாக வெளியே போகும்? பாதுகாக்கப்பட்ட சுவரில் நினைத்தபடி ஓட்டை போட முடியாது. எங்கள் வீட்டில் பயன்படாமல் கிடந்த பழைய புகைபோக்கி வழியாகக் குழாய் விட்டோம், அதற்கும் கேட்டுத்தான் செய்தோம். அடுத்தது, அப்பா அம்மா மூன்று மாத விசாவில் வந்தால் எங்கே தூங்குவார்கள்? இந்த வீடுகளின் மாடிப்படி ஏணி போல் செங்குத்து, குளியலறை மேலேதான் இருக்கும். கீழே ஓர் அறையும் கழிப்பறையும் வருமா என்று முதலிலேயே பாருங்கள்.

பணத்தில் சில உதவிகள் உண்டு. அரசுப் பட்டியல் வீடுகளுக்கு 2019இல் பழைய வரிச்சலுகை போய், பராமரிப்புச் செலவில் 38 சதவீதம் மானியமாக வரத் தொடங்கியது. வேலை முடிந்த அடுத்த வருடம் ரசீதுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறுகின்றன, இந்த வருட நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேசியப் புனரமைப்பு நிதியத்தில் சந்தை வட்டியை விடக் குறைவாகக் கடன் கிடைக்கும். இவை கெமேந்தே பட்டியல் வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் வீடு அரசுப் பட்டியலில் இருப்பது ஒரு விதத்தில் லாபம். வீட்டுக்காப்பீடு கூடுதலாகும், அதையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டீர்கள். உங்கள் பிரபாண்ட் மாகாணத்துக் கிராமங்களில் வாழ்க்கை சங்கங்களில் நடக்கிறது: பேண்டு வாத்தியக் குழு, வில்வித்தைக் கில்டு, தெருச் சங்கம், கார்னவால் திருவிழா ஊர்வலத்துக்கு வண்டி கட்டும் கூட்டம். வீட்டுக்குள்ளேயே இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் மரியாதையான வணக்கத்தோடு நின்றுவிடும். டச்சு பேசுங்கள், தப்பாக வந்தாலும் பேசுங்கள். ஆங்கிலத்துக்கு மாறினால் 'டச்சிலேயே சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பழைய வீடு வாங்கியவருக்கு ஒரு வசதி உண்டு. அந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள், எந்த அறையில் கடை நடந்தது, கிணறு எங்கே இருந்தது என்று சொல்ல அந்தத் தெருவில் நாலு பேர் காத்திருப்பார்கள். ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் பழைய புகைப்படம் இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். முகப்பின் பழைய ஜன்னல் எப்படி இருந்தது என்று அதில் தெரிந்தால், பின்னால் அனுமதி கேட்கும்போதும் உதவும்.

இரண்டாம் முறை பார்ப்பதற்கு முன்பே பரிசோதனை நிபுணரிடம் நாள் கேட்டு வையுங்கள், இப்போது எல்லோருக்கும் வேலை அதிகம், கடைசி நேரத்தில் கிடைக்க மாட்டார்கள். அறிக்கை வந்ததும், விருப்பமிருந்தால் எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு விலை பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா