வேட்டி கட்டிக்கொண்டு கப்பல் விருந்துக்குப் போகலாமா?

பயணம்: வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் பயணக் கப்பல்களின் உணவுக்கூடத்தில் 19 ஆண்டுகள் பரிமாறியவர். இப்போது பட்டர்வொர்த்தில் வசிக்கிறார்.)

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் 60 வயது நிறைகிறது. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் இடம் போட்டிருக்கிறார்கள். ஓர் இரவு ‘ஃபார்மல் நைட்’ என்று போட்டிருக்கிறது. அவரிடம் கோட்டு கிடையாது, வேட்டிதான். நான் சைவம். முள்கரண்டி, கத்தி பிடித்துப் பழக்கமில்லை. பேசாமல் பஃபேயிலேயே சாப்பிட்டுவிடலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த ஓர் இரவை விட்டுவிடாதீர்கள்.

பெரிய உணவுக்கூடத்துச் சாப்பாடு உங்கள் டிக்கெட் பணத்திலேயே அடங்கியது. ஸ்டேக், ஜப்பானியச் சாப்பாடு என்று தனியாக நடத்தும் உணவகங்களில்தான் மேற்கொண்டு காசு கேட்பார்கள். வெள்ளை விரிப்பு போட்ட அந்த மேசை உங்களுக்காகப் போட்டதுதான். பயந்துகொண்டு மேல்தளத்துப் பஃபேக்குப் போய், தட்டைத் தூக்கி வரிசையில் நிற்கும் நம்மவர்களை எத்தனையோ பயணங்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

உடைக்கு வருவோம். கோட்டு, டை என்று எழுதியிருந்தாலும், அவரவர் நாட்டு உடையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுக்கொள்வார்கள். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, காலில் நல்ல செருப்பு, போதும். உங்களுக்குப் பட்டுச்சேலை இருக்கிறது. வேட்டி சரிப்படாது என்று அவர் நினைத்தால், முழுக்கை பாத்திக் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போடலாம். நம் நாட்டில் அரசாங்க விருந்துக்கே அப்படித்தானே போகிறோம். வாசலில் நின்ற நாங்கள் தடுத்தது அரைக்கால் சட்டையையும் ரப்பர் சிலிப்பரையும்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டியாக எடுத்துப் போகச் சொல்லுங்கள். கப்பல் ஆடும்போது ஒரு கை எப்போதும் படிக்கட்டுக் கம்பியில் இருக்க வேண்டும்.

கரண்டிகளைப் பார்த்து மலைக்காதீர்கள். வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுங்கள், தட்டு மாற மாற உள்ளே வாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஒட்டினாற்போல் சேர்த்து வைத்தால் ‘எடுத்துப் போகலாம்’ என்று பொருள். தவறான கரண்டியை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த தட்டு வருவதற்குள் பரிமாறுபவர் வந்து சரியானதை வைத்துவிட்டுப் போவார். நான் பாதி நாள் செய்த வேலையே அதுதான்.

கையால் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். ஒரு ஃபார்மல் இரவு, ஈப்போவிலிருந்து வந்த ஒரு பாட்டி என் மேசைக்கு வந்தார். பருப்பும் சோறும் கேட்டார், கொண்டுவந்து வைத்தேன். வைத்த பிறகும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து, “பாட்டி, சோறு ஆறுதே” என்றேன். தமிழ் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, கரண்டியில சாப்பிட்டா எனக்கு வயிறு நிறையாது” என்றார். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைத் துண்டு போட்டு, புது நாப்கினோடு கொண்டுபோய் வைத்தேன். பாட்டி விரல் நுனியால் பிசைந்து, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டார். விரிப்பில் சிதறும் ரொட்டித் தூளை வழிக்க, வளைந்த சின்னத் தகடு ஒன்று எங்கள் சட்டைப் பையில் இருக்கும். அன்று பாட்டியின் பக்கம் அதற்கு வேலையே இல்லை. நீங்களும் கேளுங்கள், கிண்ணம் வரும்.

சைவம் என்பதை டிக்கெட் எடுத்த ஏஜெண்டிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் பத்தாது. முட்டை, மீன் சாறு, சிப்பிச் சாறு, கோழி வேகவைத்த தண்ணீர், எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காய்கறி சூப் என்று வருவதில் கோழித் தண்ணீர் இருக்கலாம். முதல் நாள் இரவே தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துப் பேசுங்கள்; மறுநாள் மெனுவை முன்கூட்டியே காட்டி, உங்களுக்கு வேண்டியதைக் குறித்துக்கொள்வார்கள். சமையலறையில் இந்தியர் யாராவது இருப்பார்கள், சாம்பார் வராவிட்டாலும் நல்ல பருப்பு வரும். அப்புறம், ஐயாவுக்கு 60 என்று சொன்னால் கேக் கொண்டுவந்து பாடுவார்கள். முட்டையில்லாத கேக் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாள் முழுக்கக் கரையே தெரியாது என்கிறார்கள். நேரம் எப்படிப் போகும்? கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளுமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: என் அப்பா ‘ராஜுலா’வில் வந்தவர். 1926இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவருக்கு, விடிந்ததும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்காம். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். மலாக்கா நீரிணையில் பச்சையும் கலங்கலுமாக இருக்கும் தண்ணீர், அந்தமான் கடல் பக்கம் போகப் போகக் கருநீலமாகிவிடும். விடிந்தவுடன் மேல்தளத்தில் நடந்தபடி பாருங்கள். அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது.

பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெயில் கொளுத்தும், உள்ளே இருங்கள். கரை தொடாத கடல் நாளில் பஃபேயில் நடுப்பகலுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. அதே நேரம் கீழே பெரிய உணவுக்கூடமும் பல கப்பல்களில் திறந்திருக்கும், பாதி மேசை காலியாகக் கிடக்கும். அங்கே போய் நிதானமாகச் சாப்பிடுங்கள். மாலை நான்கு மணி வாக்கில் தேநீரும் சின்ன சாண்ட்விச்சும் கொடுப்பார்கள். மசாஜ் வேண்டுமென்றால் கப்பல் கரையில் நிற்கும் நாளில் விலை விசாரியுங்கள்; கடல் நாளில் எல்லாரும் வருவதால் பெரும்பாலும் தள்ளுபடி இருக்காது. நிகழ்ச்சிகள் எல்லாம் அன்றன்றைய தாளிலோ கைப்பேசிச் செயலியிலோ வரும். அத்தனைக்கும் ஓட வேண்டியதில்லை.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, சுமத்ரா மறைத்து நிற்பதால் நீரிணைக்குள் பெரிய அலை வருவது அரிது. புக்கெட் பக்கம், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது கொஞ்சம் ஆடும். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். கடல் கொந்தளித்தால் தட்டுகள் வழுக்காமல் இருக்க மேசைவிரிப்பில் தண்ணீர் தெளித்து வைப்போம். விரிப்பு ஈரமாக இருந்தால் பயப்படாதீர்கள், இஞ்சித் தேநீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

கேள்வி: ஊறுகாய், சாமி விளக்கு, இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போகலாமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: கடையில் வாங்கிய, மூடி திறக்காத ஊறுகாய்க்குப் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள். வீட்டில் சமைத்தது கூடாது. விளக்கு, சூடம், ஊதுபத்தி, மூன்றும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டியையும் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலில் தீயைப் போல் பயப்பட வேண்டியது வேறில்லை. ராஜுலாவுக்குப் பின் அதே தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்து உயிர்கள் போனதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டுச்சேலையை நான்காக மடிக்காமல், பழைய பருத்தித் துணியில் சுருட்டி எடுத்துப் போங்கள். அறைக்குப் போனவுடன் ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். அப்படியும் சுருக்கம் இருந்தால், அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் காலையிலேயே கொடுங்கள். கொஞ்சம் காசு ஆகும், சாயங்காலத்துக்குள் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தொங்கவிடுவார்.