காலிப்பர் மூன்று முறை மூன்று அளவு காட்டினால்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். தண்ணீர் பம்ப் மோட்டாருக்குப் பேரிங் மாற்ற வேண்டும். பழையதில் எண் அழிந்துவிட்டது. டிஜிட்டல் காலிப்பரில் (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவி) மோட்டாரின் ஷாஃப்டை, அதாவது சுழலும் தண்டை, அளந்தால் 19.91, 19.98, 20.05 என்று வருகிறது. கடையில் எதைக் கேட்பது?

பதில்: உங்கள் ஷாஃப்ட் 20 மில்லிமீட்டர்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக் கடைக்குப் போகாதீர்கள். 6004, 6204, 6304 என்ற எண் போட்ட மூன்று பேரிங்குக்கும் உள்விட்டம் 20. வெளிவிட்டம்தான் மாறும்: 42, 47, 52. அகலம் 12, 14, 15. பழைய பேரிங்கில் இந்த இரண்டையும் அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

அளவு ஏன் மாறுகிறது? பெரும்பாலும் பிடிக்கிற விதம்தான் காரணம். தாடையின் நுனியில் பிடித்து அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்துவிடும். ஷாஃப்ட் தாடையின் உட்பக்கம், சட்டத்தை (அளவுகோல் உள்ள நீண்ட தகட்டை) ஒட்டி இருக்கட்டும். கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளினால் போதும். காலிப்பர் குறுக்கே சாய்ந்தால் அளவு கூடும். அதனால் லேசாக ஆட்டிப் பார்த்து, வருவதில் மிகக் குறைந்ததை எடுங்கள். துளைக்கு அப்படியில்லை: விட்டத்துக்குக் குறுக்கே ஆட்டும்போது வருகிற பெரிய அளவுதான் சரி.

அளப்பதற்கு முன் தாடைகளைத் துடைத்து மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் ஒளி தெரியக் கூடாது, எண் 0.00 காட்ட வேண்டும். டிஜிட்டலில் சட்டத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளுக்கு அடியில் உலோகக் கோடுகள் இருக்கும். நகரும் பகுதி அவற்றோடு உண்டாகும் மின்தேக்க (மின்னூட்டம் தேங்கும் அளவின்) மாற்றத்தை எண்ணித்தான் அளவு சொல்கிறது. வியர்வையோ மழை ஈரமோ பட்டால் எண் தாவும். பட்டறைக்கு எனக்குப் பிடித்தது பழைய வெர்னியர்தான், பேட்டரியே வேண்டாம். அதில் நகரும் அளவுகோலில் 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகம் 0.98, சட்டத்தில் உள்ள 1 மில்லிமீட்டரோடு வித்தியாசம் 0.02. நகரும் அளவுகோலின் சுழியம் சட்டத்தின் 19-ஐத் தாண்டி நின்று, அதன் 48ஆவது கோடு சட்டத்தின் ஒரு கோட்டோடு நேராகப் பொருந்தினால் 19.96.

அப்புறம், அந்த 19.91 எங்கே வந்தது என்று கவனியுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் அது திரும்பத் திரும்ப வந்து, தேயாத பக்கத்தில் 20.00 காட்டினால் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. புதுப் பேரிங் போட்டாலும் அதன் உள்வளையம் ஷாஃப்டின் மேல் வழுக்கிச் சுற்றும். காலிப்பரே 0.02, 0.03 முன்பின் காட்டக்கூடியது என்பதால், அந்த இடத்தை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் (காலிப்பரைவிடத் துல்லியமான அளவுக் கருவி) வைத்து ஒருமுறை அளந்த பிறகு பேரிங் வாங்குங்கள்.